அடைமொழி அறிந்து தேர்தல்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

    

வெள்ளி விழா மேடையில் மொழிப் பாடம் நடத்துவதா என்று சிலர் எண்ணக்கூடும். கல்விச் சங்கத்தின் விழாவில் கல்வியைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது? அதிலும், புதுச்சேரியில் வாழும் நமக்குப் பிறமொழி அயலார் வீட்டுப் பொருளன்று. பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் முதல் நாள் இம்மண்ணை விட்டு அகன்றது. 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியும் ஒப்படைப்பு நிறைவேறிற்று. ஆயினும் அம்மொழி நம் தெருப் பலகைகளிலும், பழைய பத்திரங்களிலும், உறவினர் எழுதும் கடிதங்களிலும் இன்றும் உயிரோடிருக்கிறது. அதைக் கற்றவருக்கு அதன் உடன்பிறப்பாகிய ஸ்பானிய மொழி எளிதில் கைவரும். இரண்டும் இலத்தீன் வயிற்றுப் பிள்ளைகள். இரண்டும் ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு அலுவல் மொழிகளுள் அடங்கியவை. நம் பிள்ளைகள் இவற்றைக் கற்றுக் கடல் கடந்து செல்ல விழைகின்றனர். அவர்கள் முதலில் இடறும் இடம் ஒன்றுண்டு. அதுவே பெயரடை. அதனைப் பற்றிச் சிறிது சிந்திப்போம்.

ஆங்கிலத்தில் ‘புவர்’ என்றொரு சொல் உண்டு. ஆங்கிலம் அறியாத நம் தாய்மார்களுக்கும் அது தெரியும். ‘புவர் ஸ்டூடண்ட்’ என்று ஒருவரைக் குறித்தால் என்ன பொருள்? பணமில்லாத மாணவர் என்பது ஒரு பொருள். பரிதாபத்துக்குரிய மாணவர் என்பது மற்றொன்று. படிப்பில் மட்டமான மாணவர் என்பது மூன்றாவது. மூன்றும் வெவ்வேறு செய்திகள். ஆங்கிலம் மூன்றையும் ஒரே பையில் போட்டு முடிச்சிட்டு வைத்திருக்கிறது. கேட்பவர் இடம் நோக்கிப் பொருள் கொள்ள வேண்டியதுதான்.

பிரெஞ்சும் ஸ்பானியமும் அவ்வாறு விடுவதில்லை. ‘எந்தப் பொருள் உன் கருத்து?’ என்று எழுதுபவரைக் கேட்கின்றன. பிரெஞ்சில் ‘எலேவ்’ என்றால் மாணவர். ‘போவ்ர்’ என்றால் ஏழை. ‘எலேவ் போவ்ர்’ என்று பெயருக்குப் பின்னே அடையை வைத்தால் பணமில்லாத மாணவர். ‘போவ்ர் எலேவ்’ என்று முன்னே வைத்தால் பரிதாபத்துக்குரியவர். அவர் செல்வந்தர் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். படிப்பில் மட்டம் என்பதற்கோ ‘போவ்ர்’ உதவாது. ‘மொவே எலேவ்’ என்று வேறு சொல்லைக் கொணர வேண்டும். ஸ்பானியத்திலும் இதே முறைதான். ‘அலும்னோ போப்ரே’ என்றால் வறிய மாணவர்; ‘போப்ரே அலும்னோ’ என்றால் ஐயோ பாவம் என்று இரங்கத்தக்கவர்; ‘மால் அலும்னோ’ என்றால் சரியாகப் படிக்காதவர். உடல்நலக் குறைவை ஆங்கிலத்தார் ‘புவர் ஹெல்த்’ என்பர். ஸ்பானியத்தில் அதற்குப் ‘போப்ரே’ வராது, ‘மாலா’ என்ற அடையே வரும். பொருளின் தரக்குறைவுக்கும் அவ்வாறே. விளைச்சல் குன்றிய மண்ணுக்கோ ‘போப்ரே’ பொருந்தும்.

அகராதியைத் திறந்து ‘புவர்’ என்ற சொல்லுக்கு எதிரே முதலில் நிற்பதை எடுத்துப் போடுபவர், வறுமையைச் சொல்ல வந்து இரக்கத்தைச் சொல்லிவிடுவார். இதனைத் தவிர்க்க எளிய சோதனை ஒன்றுண்டு. அடைமொழியைத் தேடுமுன் அதன் எதிர்ச்சொல்லைக் கேளுங்கள். நாம் சொல்லக் கருதிய ‘புவர்’ என்பதற்கு எதிர் செல்வரா, நற்பேறு உடையவரா, நன்றாகப் படிப்பவரா? எதிர்ச்சொல் தெளிந்தால் பொருள் தெளியும். பொருள் தெளிந்தால் சொல் தானே வரும். இன்னொன்று: முதலில் அதைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘ஏழை’, ‘பாவம்’, ‘மட்டம்’ என்று தமிழ் மூன்றையும் பிரித்தே வைத்திருக்கிறது. ஆங்கிலத்தின் வழியே செல்லாமல் தமிழிலிருந்து நேரே செல்வோருக்கு இவ்விடத்தில் பாதை செவ்விது.

இதில் நம் சமுதாயத்துக்கு ஒரு தனிப் பாடம் இருக்கிறது. வறுமையும் அறிவுக் குறைவும் ஒரே சொல்லில் அடங்கும்போது, ஒன்றைச் சொன்னவர் மற்றதையும் சொன்னதாகிவிடுகிறது. குடிசையிலிருந்து வரும் பிள்ளையின் தேர்ச்சி அறிக்கையில் ‘புவர்’ என்று ஒரு சொல்லை எழுதிவிட்டால், அது வீட்டைக் குறித்ததா, மூளையைக் குறித்ததா? எழுதிய கை ஒன்றை நினைத்திருக்கலாம். படிக்கும் பிள்ளை இரண்டையும் சுமக்கிறது. பணத்தில் குறைந்தவர் அறிவிலும் குறைந்தவர் என்ற பொய்யை எத்தனையோ தலைமுறைகளாக நம் தலையில் ஏற்றி வைத்தார்கள். அதை இறக்கி வைக்கவே இத்தகைய சங்கங்கள் தோன்றின. ஆதலின் நம் பிள்ளைகள் எந்த மொழியில் எழுதினாலும் இவ்விரண்டையும் பிரித்தே எழுதப் பழகுதல் வேண்டும்.

அடைமொழி நிற்கும் இடம் பொருளை மாற்றுதற்கு மேலும் சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம். பிரெஞ்சில் ‘ஓம் கிரான்’ என்றால் உயரமான மனிதர். ‘கிரான் ஓம்’ என்றால் மாமனிதர். ஸ்பானியத்தில் ‘ஓம்ப்ரே கிராந்தே’ என்பது உருவத்தாற் பெரியவரையும், ‘கிரான் ஓம்ப்ரே’ என்பது செயலாற் பெரியவரையும் குறிக்கும். அண்ணல் அம்பேத்கரைப் பற்றிக் கட்டுரை வரையும் மாணவர் அடையை இடம் மாற்றி வைத்தால், அவருடைய தொண்டை விட்டுவிட்டு உயரத்தை அளந்தவர் ஆவார்.

‘பழைய’ என்ற சொல்லையும் பாருங்கள். நம் சங்கத்தில் படித்து வெளியேறியவர்களைப் ‘பழைய மாணவர்’ என்கிறோம். இதனை முதுமை குறிக்கும் ‘வியோ’ என்ற பிரெஞ்சுச் சொல்லால் எழுதினால் வயது முதிர்ந்த மாணவர் என்றாகும். ‘ஆன்சியென் எலேவ்’ என்பதே சரி. ஸ்பானியத்தில் ‘அந்தீகுவோ அலும்னோ’. முன்பு மாணவராயிருந்தவர் என்பது பொருள். இருபத்தைந்து வயது இளைஞரும் ‘ஆன்சியென்’ ஆகலாம். இதில் வருந்துதற்கு ஏதுமில்லை.

இனி ‘புதிய’ என்ற சொல்லுக்கு வருவோம். அது நம் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. 2006ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தொட்டுச் சட்டப்படியும் நம் ஆட்சிப்பகுதி ‘புதுச்சேரி’ ஆயிற்று. ‘புது’ என்பதற்குப் பிரெஞ்சில் இரு சொற்கள் உள. ‘நூவோ’ என்றால் இதற்கு முன் இருந்ததற்கு மாற்றாக வந்தது. ‘நெஃப்’ என்றால் இப்போதுதான் செய்யப்பட்டது, கை படாதது. ஒருவர் தமக்குப் புதிதாக வாங்கிய பழைய மிதிவண்டி ‘நூவோ’ ஆகலாம், ‘நெஃப்’ ஆகாது. ஸ்பானியத்தில் ‘நுவேவோ’ என்ற ஒரே சொல் இரு வேலையையும் பார்க்கிறது. பெயருக்கு முன் நின்றால் ‘மற்றொரு’ என்ற சாயலும், பின் நின்றால் ‘புத்தம் புதிய’ என்ற சாயலும் பெறுகிறது. பாரிசு மாநகரில் ‘பொன் நெஃப்’, அஃதாவது புதுப்பாலம், என்றொரு பாலம் உண்டு. அது கட்டி முடிந்தது 1607இல். இன்று அந்நகரில் சேன் ஆற்றின்மீது நிற்கும் பாலங்களுள் மிகப் பழையது அதுவே! ஒட்டிய அடைமொழி காலம் கடந்தும் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

‘சேரி’ என்ற சொல்லின் கதையும் இத்தகையதே. மக்கள் சேர்ந்து வாழும் இடம் சேரி. முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, 921ஆம் ஆண்டைச் சார்ந்தது, அந்தணர் வாழ்ந்த ஊரின் பகுதிகளையே சேரி என்று குறிக்கிறது. காலப்போக்கில் மற்றவர்கள் தங்கள் இருப்பிடங்களுக்கு வேறு பெயர் சூட்டிக்கொண்டு, சேரியை நம் குடியிருப்புக்கு மட்டும் விட்டுவிட்டனர். பின்பு அச்சொல்லையே இழிவாக்கினர். ஆயினும் ஊரின் பெயரில் அது தலைநிமிர்ந்து நிற்கிறது. புதுச்சேரிக்காரர் என்று பெருமையோடு சொல்லும் ஒவ்வொருவரும் தாம் அறியாமலே சேரிக்காரர் என்றும் சொல்லிக்கொள்கின்றனர்.

பிரெஞ்சு ஆட்சியாளர் இந்நகரை எவ்வாறு பிரித்தனர்? கால்வாய்க்குக் கிழக்கே, கடலோரம், ‘வீல் பிளான்ஷ்’, அஃதாவது வெள்ளை நகரம். மேற்கே ‘வீல் நுவார்’, கறுப்பு நகரம். இரண்டும் பெயரடைகளே. கால்வாயைவிட ஆழமான பிளவை அவ்விரு அடைகள் வெட்டின. இன்று பிரெஞ்சுப் பகுதி, தமிழ்ப் பகுதி என்று மாற்றி வழங்குகின்றனர். நிறத்தைச் சொன்ன அடை போய் மொழியைச் சொல்லும் அடை வந்திருக்கிறது. இம்மாற்றம் சிறிதென்று எண்ணற்க. நிறம் ஒருவர் மேல் பிறர் ஒட்டுவது. மொழி அவரவர் பேசுவது.

இவ்வாறு பிறர் நம்மீது ஒட்டிய சொற்களுள் உலகைச் சுற்றிய சொல் ஒன்றுண்டு. ‘பறையர்’ என்னும் தமிழ்ப் பெயர் போர்த்துகீசியர் வழியாக ஐரோப்பா சென்று, பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் ‘பரியா’ ஆயிற்று. பறை என்பது செய்தி அறிவிக்கும் கருவி; பறைதல் என்றால் சொல்லுதல். ஊருக்குச் செய்தி சொன்னவரின் பெயர், அங்கே ஊரால் ஒதுக்கப்பட்டவர் என்ற பொருளைப் பெற்றது. 1791இல் பெர்னார்தென் தெ சேன்-பியேர் என்ற பிரெஞ்சு ஆசிரியர் தம் கதையொன்றில், மெய்ம்மையைத் தேடி இந்தியா வந்த ஆங்கில அறிஞர் ஒரு ‘பரியா’வின் குடிசையில் அதைக் கண்டதாக எழுதினார். 1821இல் கசிமீர் தெலவீஞ் என்பவரின் ‘பரியா’ என்ற நாடகம் பாரிசில் மேடையேறியது. பெரு நாட்டுத் தந்தைக்குப் பிறந்த ஃப்ளோரா திரிஸ்தான் என்ற பெண்மணி, தம் பெருநாட்டுப் பயண நூலுக்கு 1838இல் இட்ட தலைப்பில் தம்மையே ‘பரியா’ என்று குறித்துக்கொண்டார். உலகத் தொழிலாளரின் ‘இண்டர்நேசனல்’ பாடலில், பிரெஞ்சு மூலம் ‘சபிக்கப்பட்டவர்’ என்று விளித்த இடத்தில், ஸ்பானிய மொழிபெயர்ப்பு ஒன்று ‘பரியாக்கள்’ என்றது. மற்றொன்று ‘ஏழைகள்’ என்றது. ஒரு சொல்லுக்கு இரு மொழிபெயர்ப்பாளர் இரு தேர்வு செய்தனர். ஒருவர் வறுமையைக் கண்டார். ஒருவர் ஒதுக்கலைக் கண்டார்.

இவர்களுள் பலர் நல்லெண்ணத்தோடு அச்சொல்லை ஆண்டனர் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் இன்று பிரெஞ்சு, ஸ்பானியச் செய்தித்தாள்களில், உலகம் ஒதுக்கிவைத்த நாட்டைப் ‘பரியா நாடு’ என்று எழுதுகின்றனர். கொடுங்கோன்மையால் வெறுப்பைத் தேடிக்கொண்ட ஆட்சிக்கும், ஒரு குற்றமும் செய்யாது ஒதுக்கப்பட்ட மக்களுக்கும் ஒரே சொல்லா? நம் இளைஞர்கள் அம்மொழிகளில் எழுதும்போது இச்சொல்லை எவர்க்கும் அடையாக்க வேண்டாம். ‘தனிமைப்படுத்தப்பட்ட’, ‘விலக்கப்பட்ட’ என்ற பொருளுடைய சொற்கள் அங்கும் நிரம்ப உண்டு.

இப்போது தமிழுக்கே வருவோம். ‘தாழ்ந்த’ என்பதற்கும் ‘தாழ்த்தப்பட்ட’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஒவ்வொரு மாணவரும் உணர்தல் வேண்டும். ‘தாழ்ந்த’ என்பது தன்வினைப் பெயரெச்சம். பள்ளம் தாழ்ந்திருப்பது போலத் தானே தாழ்ந்தது என்று பொருள்படும். ‘தாழ்த்தப்பட்ட’ என்பது செயப்பாட்டு வினையிற் பிறந்தது. அதைக் கேட்டவுடன், ‘தாழ்த்தியவர் யார்?’ என்ற வினா எழுந்தே தீரும். முன்னது பிறப்பைச் சொல்கிறது. பின்னது வரலாற்றைச் சொல்கிறது. ‘பின்தங்கிய’, ‘பிற்படுத்தப்பட்ட’ என்பனவும் அவ்வாறே. ஓர் எழுவாயை மறைத்தலும் காட்டுதலும் ஒரு ‘படு’ என்னும் துணைவினையின் கையில் இருக்கிறது.

ஸ்பானிய இலக்கணம் இவ்வேறுபாட்டைத் தன் வழியில் காட்டுகிறது. ‘இரு’ என்பதற்கு அம்மொழியில் ‘செர்’, ‘எஸ்தார்’ என இரு வினைகள். ஒருவரின் தன்மையைச் சொல்ல ‘செர்’. அவர் அடைந்த நிலையைச் சொல்ல ‘எஸ்தார்’. ‘லிஸ்தோ’ என்ற அடை ‘செர்’ உடன் வந்தால் அறிவுக் கூர்மையுடையவர். ‘எஸ்தார்’ உடன் வந்தால் ஆயத்தமாக இருப்பவர். ‘அபுர்ரீதோ’ என்ற அடையை ‘எஸ்தார்’ உடன் சொன்னால் எனக்குச் சலிப்பாக இருக்கிறது என்று பொருள். தவறிச் ‘செர்’ உடன் சொன்னால் நான் பிறரைச் சலிப்பூட்டும் ஆள் என்றாகிவிடும்! ‘செர்’ நிலையானது, ‘எஸ்தார்’ தற்காலிகமானது என்று சிலர் சுருக்கமாகச் சொல்லிக் கொடுப்பர். அது முழு உண்மையன்று. இறந்து கிடத்தலுக்கும் ‘எஸ்தார்’ தான் வரும். அதைவிட நிலையானது ஏது? ஒரு மாற்றத்தின் விளைவாக வந்த நிலைக்கு ‘எஸ்தார்’ என்று கொள்வதே பொருத்தம். கதவு மூடியிருக்கிறது என்றால் யாரோ மூடினார் என்பது உள்ளுறை.

ஆதலின், நம் சமுதாயம் ஒடுக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பிள்ளை ஸ்பானியத்தில் எழுதினால் ‘எஸ்தார்’ என்ற வினையை ஆளட்டும். ஒடுக்கம் நம் தன்மையன்று. நம்மீது நிகழ்த்தப்பட்ட செயலின் விளைவு. மூடிய கதவைத் திறக்கவும் முடியும். ‘டிப்ரெஸ்டு’ என்ற பழைய ஆங்கில ஆட்சிச் சொல்லை ஓசை ஒப்புமை கருதித் ‘தெப்ரிமீதோ’ என்று எழுதிவிடவும் வேண்டாம். அது இக்காலத்தில் மனச்சோர்வுற்றவரையே பெரிதும் குறிக்கும். ‘ஒப்ரிமீதோ’ என்றால் ஒடுக்கப்பட்டவர், பிரெஞ்சில் ‘ஒப்ரிமே’. நாம் சோர்ந்தவர் அல்லோம், ஒடுக்கப்பட்டவர்.

அந்த ஆங்கிலச் சொல்லை நம் முன்னோர் வாளாவிருந்து ஏற்கவில்லை. அடைமொழியின் வலிமையை அவர்கள் நம்மினும் நன்கறிந்திருந்தனர். பண்டிதர் அயோத்திதாசர் ‘சாதிபேதமற்ற திராவிடர்’ என்ற பெயரை முன்வைத்து உழைத்தார். 1907இல் தாம் தொடங்கிய இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயரிட்டார். எம்.சி. ராஜா அவர்களின் முயற்சியால் 1922இல் சென்னை மாகாண அரசின் ஆவணங்களில் ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயர் இடம் பெற்றது. இரட்டைமலை சீனிவாசனாரோ 1893இல் ‘பறையன்’ என்றே இதழ் நடத்தினார். இழிவென்று பிறர் எறிந்த சொல்லை எடுத்துத் தம் கொடியில் எழுதிக்கொண்ட துணிவு அது. அதே பெருமகனார் 1931இல், இலண்டன் வட்டமேசை மாநாட்டில், அண்ணல் அம்பேத்கருடன் சேர்ந்து அளித்த துணை மனுவில் ‘டிப்ரெஸ்டு கிளாசஸ்’ என்ற பெயரை மாற்றுமாறு கோரினார். 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் ‘பட்டியலிடப்பட்ட சாதிகள்’ என்று எழுதியது. 1964இல் புதுச்சேரிக்கென்று தனி ஆணை வந்தபோதும் அதுவே சட்டப் பெயராயிற்று. பின்னர் மராட்டிய மண்ணிலிருந்து ‘தலித்’ என்ற சொல் எழுந்தது. நொறுக்கப்பட்டவர் என்னும் அதிலும் ‘படு’ ஒளிந்திருக்கிறது.

சீனிவாசனார் 1893இல் ஒரு பெயரை ஏற்றதும், 1931இல் ஒரு பெயரை மறுத்ததும் முரணென்று சிலர் கருதக்கூடும். முரணன்று. முன்னது தம் வாயால் தாம் சொன்ன பெயர். பின்னது பிறர் எழுதிவைத்த அடை. இரண்டிடத்தும் அவர் கேட்ட வினா ஒன்றே: இச்சொல்லைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

இளைஞர்களே! இவ்வினாவை நீங்களும் கேட்கப் பழகுங்கள். விண்ணப்பம் எழுதும்போது, தேர்வு எழுதும்போது, அயல்நாட்டாரிடம் உங்களைப் பற்றிச் சொல்லும்போது, கைக்கு முதலில் அகப்பட்ட சொல்லை எடுக்க வேண்டாம். அதன் எதிர்ச்சொல்லைக் கேளுங்கள். அது நிற்கும் இடத்தைப் பாருங்கள். அது தன்மையைச் சொல்கிறதா, பிறர் செய்த செயலைச் சொல்கிறதா என்று ஆராயுங்கள். அகராதியில் ஒரு வரியோடு நிறுத்தாமல் அடுத்த வரியையும் படியுங்கள். நம் சங்கத்தின் நூலகத்தில் தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிய அகராதிகள் அருகருகே இருக்க வேண்டுமென்பது நம் அவா. பெரியோர்கள் இவ்வெள்ளி விழா ஆண்டில் அதற்கு ஆவன செய்வார்களாக.

பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் பெயரடை தான் சார்ந்த பெயருக்கேற்பப் பாலும் எண்ணும் மாறும். பெயர் அடைக்காக மாறுவதில்லை. நம் பெயருக்கேற்ற அடையை நாமே தேர்ந்து உலகுக்குத் தருவோம். அதற்குரிய கல்வியை இச்சங்கம் இன்னும் பல்லாண்டு வழங்குக என வாழ்த்தி அமைகின்றோம்.